காணாமல் போன தசமிக் கோலம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதை ஸ்டெபிலைசர் என்று நினைத்துக்கொள்வார்கள். அது எங்கள் தெருவின் வலைப்பூ. மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி எழுதிக்கொண்டிருக்க, நான் மட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதையே சர்வராக்கி, வீட்டிலிருந்தே வலைப்பூ நடத்துகிறேன். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டும், சொந்த வீட்டில் யாரையும் கேட்க வேண்டாம் என்பது என் கட்சி. சொந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் நாமேதான் பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஜெயித்தோம்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் எனக்குப் பாடமில்லை, பைத்தியம். எதையாவது பிரித்துப் போட்டுச் சரிசெய்ய வாய்ப்புக் கிடைத்தால் எனக்குப் பசி, தூக்கம் எதுவும் தெரியாது. அப்படியொரு வாய்ப்பு சென்ற மார்கழியில் வந்தது. ஆனால் அது என் பெட்டியோடு நிற்காமல் மாடியில் இருக்கிற அக்காவின் தலையில் போய் விடிந்தது.

அக்கா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவருடைய கணவருக்கு வெளியூரில் வேலை. அதனால் எங்கள் மாடிப் போர்ஷனில் இருக்கிறார். நல்லவர், கலகலப்பானவர். ஒரே ஒரு குறை, குடும்பம் முழுக்க அவருக்கு ஆரம்ப சூரி என்று பெயர். வீணை வாங்கினார், மூன்று பாடத்தோடு அது பரணுக்குப் போயிற்று. இந்தி வகுப்பில் சேர்ந்தார், முதல் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டார். காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை தினமும் நடக்கப் போகிறேன் என்று புது ஷூ வாங்கினார், அந்த ஷூவை இப்போது நான்தான் போட்டுக்கொள்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். பல வருஷம் அவர் சிரிப்பதை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு உத்திர வீதியில் போய்ச் சேருகிறது. தைத் தேர் உத்திர வீதிகளில் வரும்போது தெருமுனையில் பெரிய கோலம் போடுவது வழக்கம். அதைப் போடுவது ஒரு கௌரவம். சென்ற வருஷம் தெருச் சங்கத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். மார்கழி முழுக்க, ஒரு நாள்கூட விடாமல், தினம் ஒரு புதுக் கோலம் யார் வாசலில் போடுகிறார்களோ அவர்களுக்கே தேர்க்கோலம். அதற்குச் சாட்சி என் வலைப்பூ. வீட்டுக்கு வீடு கோலத்தைப் படமெடுத்து என் போனுக்கு அனுப்புவார்கள். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் நான் அவற்றை ஏற்றுவேன். பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள்காட்டி வைத்திருந்தேன். கோலம் ஏறிய தேதிக்கட்டம் தானாகவே சிவப்பாகிவிடும். அதை நானே செய்தேன் என்பதைத் தெருவில் எல்லாரிடமும் இரண்டு இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

அக்கா பெயர் கொடுத்தபோது வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு வாரம் தாண்டட்டும், பாப்போம்" என்றார்.

அக்கா வழக்கம்போல் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை பாருடா" என்றார்.

சொன்னபடியே செய்தார். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து, வாசல் தெளித்து, தலையில் ஒரு மப்ளரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சிக்குக் கோலம் என்றால் அவருக்கு உயிர். ஒரே இழை, கையெடுக்காமல் சுற்றிச் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே முடியும். நான் காப்பித் தம்ளரோடு வெளியே வந்து படம் எடுத்து, அங்கேயே நின்றபடி ஏற்றிவிடுவேன். என் போனில் எப்போதும் இடம் இருக்காது, அதனால் ஏற்றியதும் படத்தை அழித்துவிடுவேன். பால்காரர் வண்டியும் ஸ்கூல் வேனும் ஓடி, எட்டு மணிக்கெல்லாம் வாசலில் கோலம் இருந்த இடம் வெறும் வெள்ளைத் தூளாகிவிடும்.

முதல் நாளே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மார்கழி ஒன்றாம் தேதிக் கோலம் கார்த்திகைக் கடைசி நாளில் போய் உட்கார்ந்திருந்தது. என்ன இது என்று நான் முழித்தபோது வீட்டுக்காரர் வெகு நிதானமாகச் சொன்னார்.

"பொழுது விடிஞ்சாத்தானே மறுநாள்? விடியறதுக்கு முன்னாடி ஏத்தினா முந்தின நாள்தான் காட்டும். பஞ்சாங்கப்படி உன் பெட்டி சரியாத்தான் இருக்கு."

எனக்கும் அது சரி என்றே பட்டது. சூரிய உதயத்தில் நாள் மாறுவது சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய கணக்கு. நான் கட்டிய பெட்டிக்குப் பஞ்சாங்கம் தெரியும் என்றால் எனக்கு என்ன கசக்கவா செய்யும்? அக்காவுடையது எல்லாமே ஒரு நாள் முன்னால் இருந்தால் வரிசை கெடாது என்று விட்டுவிட்டேன். படித்தவள் செய்கிற காரியமா இது என்று இப்போது கேட்கலாம். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள் செய்கிற காரியம், அவ்வளவுதான்.

மார்கழி முடிய நாலைந்து நாள் இருந்தபோது சங்கத்துச் செயலாளர் மாமா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கணக்கில் கறார், பேச்சில் மெது. மற்ற வீடுகள் எல்லாம் காய்ச்சல், பரீட்சை, வெளியூர்ப் பயணம் என்று ஆளுக்கு ஒரு நாளாவது விட்டிருந்தன. அக்கா ஒருவர்தான் மிச்சம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் பேஷா இருக்கும்மா. ஆனா தசமி அன்னிக்குக் கோலத்தைக் காணோமே. மறுநாள் வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு ரெண்டு இருக்கு" என்றார்.

அக்கா மாவு டப்பாவோடு படியிறங்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் போனை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் நாள்காட்டியில் நடுவே தசமிக் கட்டம் மட்டும் வெள்ளையாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"அது ஒரு நாள் முன்னாடி காட்டுதுங்க மாமா. விடியறதுக்கு முன்னாடி ஏத்தறோம்ல, பஞ்சாங்கப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"மார்கழி விடியக்காலம் அந்தந்த நாளைச் சேர்ந்ததுதான். உங்க பெட்டிக்குப் பஞ்சாங்கம் யார் சொல்லிக்கொடுத்தா? மத்தவாளும் விடியக்காலம்தானே போடறா, அவா தேதியெல்லாம் சரியா இருக்கே. இவா ஒருத்தருக்கு மட்டும் எப்படி மாறும்?"

உண்மையிலேயே மற்ற வீட்டுக் கோலங்கள் எல்லாம் அந்தந்த நாளில் ஒழுங்காக இருந்தன.

மாமா கெட்ட மனிதர் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு நாள்தானே, அசதியா இருந்திருக்கும். மறுநாள் சேத்து ரெண்டாப் போட்டுட்டேள். நான் கண்டும் காணாம விட்டுடறேன்" என்றார்.

அக்கா மாவு டப்பாவைக் கீழே வைத்தார். "விட்டிருந்தாத்தானே மாமா நீங்க விட்டுக்கொடுக்கணும்? நான் தசமிக்குப் போட்டேன். அந்த நாள் எனக்கு வேணும்."

மாமா போன பிறகு வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். "நிஜமாவே அன்னிக்கு விட்டுப்போயிடுச்சாக்கா?" என்றார். அக்கா மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடியேறினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்காரர் மேல் பாதி, என் பெட்டி மேல் பாதி.

மறுநாள் கல்லூரியில் பாடம் நடத்தினேனே தவிர மனசு முழுக்க ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது. பழைய கம்ப்யூட்டர், கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், அது செத்திருந்தால் நேரம் பின்தங்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கல்லூரி விட்டதும் மலைக்கோட்டைக் கடைவீதிக்கு ஓடினேன். பொங்கல் துணிக் கூட்டம். ஒருவர் பையில் இன்னொருவர் கை மாட்டிக்கொள்கிற நெரிசல். அதற்குள் புகுந்து ஒரு வாட்ச் கடையில் பேட்டரியை வாங்கி, வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் பெட்டியைப் பிரித்தேன். புது பேட்டரியைப் போட்டு ஓடவிட்டதும் திரையில் தேதி வந்தது. அன்றைய தேதி, சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்திலேயே இருந்த மணியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் அவசரம் எப்போதும் அப்படித்தான்.

அடுத்த நாள் விடியற்காலை அக்கா போட்ட கோலத்தை ஏற்றினேன். அது மறுபடியும் முந்தின நாளில் போய் உட்கார்ந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "விடு, வா, காப்பி ஆறுது" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது மாமாவின் கேள்வியையே உருட்டிக்கொண்டிருந்தேன். இவா ஒருத்தருக்கு மட்டும் எப்படி மாறும்? அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அதே பெட்டி, அதே போன், ஏற்றுவதும் அதே ஆள். பக்கத்து சீட்டு அம்மா தன் பெண்ணிடம் போனில், "காலைல எடுத்து வெச்சது சாயங்காலம் வரைக்கும் எப்படிடி இருக்கும்" என்று எதையோ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலை, சாயங்காலம். அக்காவுடையதை நான் காலையில் ஏற்றுகிறேன், மற்றவர்களுடையதைச் சாயங்காலம் ஏற்றுகிறேன். ஆளில் வித்தியாசமில்லை, கோலம் போடுகிற வேளையிலும் இல்லை, நான் ஏற்றுகிற வேளையில்தான். பஸ் நகரவே மாட்டேன் என்றது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பைத் திறந்து வலைப்பூவின் உள்பக்கத்துக்குப் போனேன். வாசகர்களுக்குத் தேதி மட்டும்தான் தெரியும், உள்ளே போனால் நேரமும் இருக்கும். அக்காவின் கோலங்கள் எல்லாம் முந்தின இரவு பதினொன்று, பதினொன்றரை என்று காட்டின. அந்த நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன், அதற்கு என் வீட்டுக்காரரே சாட்சி. ஏகாதசி அன்றைய கோலத்தைத் தேடினேன். அன்று நான் சொர்க்கவாசல் வரிசைக்கு இருட்டிலேயே போய்விட்டேன். அக்கா தான் போட்ட கோலத்தைச் சுற்றி நாலு நாற்காலியைப் போட்டு யாரும் மிதிக்காமல் காவல் காத்துவைத்திருந்தார். திரும்பி வந்து எட்டு மணிக்குத்தான் ஏற்றினேன். பெட்டியோ அதை அதிகாலை இரண்டரை என்று எழுதிவைத்திருந்தது. இரண்டரைக்கு நான் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நின்றவரின் சால்வை மூக்கில் இடிக்கிறதே என்று அலுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் ஐந்தரை மணி. நான் வழக்கமாக ஏற்றுகிற காலை ஐந்துக்கும் முந்தின இரவு பதினொன்றரைக்கும் நடுவிலும் அதே ஐந்தரை மணி. நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன் என்றே சொல்லலாம். பெட்டி பழுதாகவில்லை. அது இத்தனை நாளும் லண்டன் பக்கத்து நேரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை ஐந்தரை. ஐந்தரைக்கு முன்னால் நான் எதை ஏற்றினாலும் அதற்கு அது நேற்று. ஏகாதசியன்று மட்டும் தாமதமாக ஏற்றியதால் அது சரியான நாளில் விழுந்தது. முதல் நாள் தசமியன்று போட்டது நவமியிலும், மறுநாள் துவாதசியன்று போட்டது ஏகாதசியிலும் விழுந்து, நடுவில் தசமி காலியாகிவிட்டது. தெருவிலேயே எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்கிறவர் ஒருவர்தான், அவருக்கு மட்டும்தான் தேதி தப்பியது.

வீட்டுக்காரர் வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "உங்க பஞ்சாங்கம் பஞ்சாங்கமே இல்லைங்க. லண்டன் கடிகாரம்." அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். அக்காவிடம் கேட்ட கேள்வி அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாடிப் படியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

செட்டிங்ஸில் டைம் ஸோனை மாற்ற வேண்டும். பட்டியலில் ஸ்ரீரங்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சென்னைகூட இல்லை. நம் எல்லாருக்கும் சேர்த்துக் கொல்கத்தா ஒன்றுதான் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாடிக்கு ஓடிப்போய், "சரியாயிடுச்சுக்கா, நாளைக்குக் காலைல பாருங்க" என்றேன். பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஏற்றிய கோலம் அன்றைய தேதியிலேயே கச்சிதமாக விழுந்தது. அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நேத்துது எங்கே?" என்றார்.

நேற்றுப் போட்டது முந்தாநாளில் இருந்தது, இன்று போட்டது இன்றில் இருந்தது. நேற்று காலி. செட்டிங்ஸை மாற்றினால் இனிமேல் வருகிற பதிவுகள் மட்டும்தான் சரியாகும், பழையவை எழுதிவைத்த இடத்திலேயே இருக்கும். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இரண்டாவது ஓட்டை போட்டிருந்தேன்.

அக்கா மப்ளரை அவிழ்த்து மடித்தார். "நாளையோட மார்கழி முடியுது. நான் நாளைக்குப் போடலை. போட்டாலும் போடலைன்னுதான் இருக்கப்போகுது, அப்புறம் எதுக்கு? எல்லாரும் சொல்றது சரின்னே இருந்துட்டுப் போகட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். வீணை, இந்தி, ஷூ எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. இத்தனை வருஷம் அவர் சிரித்தது சிரிப்பே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று வீட்டில் சமையல் வீட்டுக்காரர். நான் பெட்டியோடு உட்கார்ந்தேன். பதிவுகள் எல்லாம் டேட்டாபேஸில், அதாவது பெட்டிக்குள் இருக்கிற பெரிய அட்டவணையில், வரிசை வரிசையாக இருக்கும். அங்கே ஒரே ஒரு வரி எழுதினால் போதும், எல்லாப் பதிவின் நேரத்தோடும் ஐந்தரை மணியைக் கூட்டிவிடலாம். ஒரு எழுத்துத் தப்பினால் தெருவின் மார்கழி மொத்தமும் போய்விடும். பென் டிரைவில் ஒரு பேக்கப் எடுத்து அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு என்னை நானே நிறுத்தி யோசித்தேன். சாயங்காலம் ஏற்றியவற்றோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் அவை மறுநாளுக்குத் தாவிவிடுமா? உள்ளே பார்த்தால் அவை மத்தியானம் என்று எழுதியிருந்தன, கூட்டினாலும் அதே நாளின் சாயங்காலம்தான். டைம் ஸோனை மாற்றிய பிறகு ஏற்றியவற்றை மட்டும் விலக்கிவிட வேண்டும், அவை ஏற்கெனவே நம் ஊர் நேரத்தில் இருக்கின்றன. வரியை எழுதினேன். வாய்விட்டுப் படித்தேன். வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து பின்னால் நின்றார்.

"அமுக்கட்டுமா?" என்றேன்.

"என்னைக் கேட்டா? நான் சொல்றது எதுவும் இந்த வீட்டுல எடுபடாது" என்றார். ஆனால் போகவில்லை.

அமுக்கினேன். நாள்காட்டிப் பக்கத்தை மறுபடி திறந்தேன். மார்கழி ஒன்று, சிவப்பு. இரண்டு, மூன்று, வரிசையாகச் சிவப்பு. தசமி, சிவப்பு. ஏகாதசியில் ஒன்றே ஒன்று. நேற்று, இன்று. ஒரு வெள்ளைக் கட்டம்தான் பாக்கி, அது நாளை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு நாள்காட்டிக்காக அழுத பெண்பிள்ளை ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லேப்டாப்பை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான் இல்லை, வீட்டுக்காரர். நான் படியில் நின்று பார்த்தேன். அக்கா மற்ற எதையும் பார்க்கவில்லை. தசமிக் கட்டத்தைத் தொட்டுத் திறந்தார். நடுவில் பரங்கிப்பூ வைத்த சிக்குக் கோலம் வந்தது.

"இதுதான்டா. அன்னிக்குப் பூவைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றார்.

"நான் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா அவரைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போய்க் குழம்பைப் பாரு, அடிப்பிடிக்கிற வாசனை வருது" என்றார். வாசனை நிஜமாகவே வந்தது.

செயலாளர் மாமா சாயங்காலம் வந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கணக்கு நேராகிவிட்டதில் அக்காவைவிட அவருக்குத்தான் நிம்மதி. ஆனாலும் ரயில்வே ஆளாயிற்றே, "நாளைக்கு ஒண்ணு பாக்கி இருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போகிப் பண்டிகை அன்று விடியற்காலை வாசலில் வாளிச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். அக்கா அதற்குள் எழுந்துவிட்டாரா என்று வெளியே வந்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. தெளிக்கத் தெரியவில்லை, வாளி வாளியாகக் கொட்டியிருந்தார். வாசல் முழுக்கக் குளமாக நின்றது.

அக்கா மப்ளரோடு இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கோலம் போடவா தெளிச்சே, நாத்து நடவா? இது எப்ப காயறது?"

மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்து காயக் காத்திருந்தோம். தெருவில் ஆங்காங்கே போகிப் புகை கிளம்பியது. கோயிலிலிருந்து திருப்பாவை கேட்டது. அக்கா மாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தைத் தேர் அன்று தெருமுனையில் எத்தனை புள்ளி வைக்கலாம், காவி எவ்வளவு வாங்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் எல்லாம் தெரிந்த மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தரை காய்ந்து, கோலம் முடிந்து, நான் படம் எடுத்தபோது வெயில் வந்துவிட்டது. ஏற்றினேன். கடைசிக் கட்டமும் சிவந்தது. அந்தப் படத்தை மட்டும் நான் போனிலிருந்து அழிக்கவில்லை. கோலத்தின் ஓரத்தில் வாளியும், வாளிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் காலும் விழுந்திருக்கின்றன.